ஊமைச் சுரம்: பாஸ் கிட்டாரின் ஓசையில் மரத்தின் பங்கு

பேரவையின் கலை இரவுக்கு இன்னும் மூன்று வாரங்களே இருந்தன. மாணவர் இசைக்குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. அப்போது நான் இயற்பியல் துறையில் இரண்டாம் ஆண்டு மாணவன். படிப்புக் கடனில் மிச்சம் பிடித்ததும், விடுமுறையில் டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததுமாக 2,400 வெள்ளி போட்டு ஒரு பழைய பாஸ் வாங்கியிருந்தேன். அதன் முகப்பில் வால்நட் மரத்தின் கணுப்பகுதியை மெல்லிய தகடாக அறுத்து ஒட்டியிருந்தார்கள். சுழியும் புள்ளியுமாக, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. "மரம் அப்படிப்பட்டது தம்பி. ஒரு சுரத்தைத் தட்டிட்டு, தே தாரிக் குடிச்சிட்டு வந்தாலும் அது நின்னுக்கிட்டே இருக்கும்," என்றார் விற்றவர். நம்பினேன். நம்பாமல் இருக்க அந்த முகப்பு விடவில்லை.

ஒத்திகையில்தான் வினை தொடங்கியது. நாங்கள் எடுத்துக்கொண்ட பாடல் டி மேஜரில் அமைந்தது. பல்லவி முடியும் இடத்தில் பாஸ் ஒரு நீண்ட 'டி' சுரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். மேல் தந்தியான ஜி தந்தியில் ஏழாம் ஃபிரெட்டில் அதைத் தட்டினேன். 'பொத்' என்று ஒரு சத்தம். ஓரிரு விநாடிகளில் சுரம் அடங்கிவிட்டது. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் 'பொத்'.

"அண்ணே, விரலைச் சரியா அழுத்தலையா?" என்று டிரம்ஸ் வாசித்த தம்பி கேட்டான். முதலாம் ஆண்டு மாணவன் கேட்ட அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

தந்தியை மாற்றினேன். மின்கலத்தை மாற்றினேன். கம்பிவடத்தை மாற்றினேன். பயன் இல்லை. நான்காம் ஃபிரெட்டில் சுரம் நன்றாக நிற்கிறது; பத்தாம் ஃபிரெட்டிலும் நிற்கிறது. இடையில் ஏழில் மட்டும் இழவு விழுந்தாற்போல இருக்கிறது. கிட்டார்காரர்கள் இதை 'டெட் ஸ்பாட்' என்பார்கள். ஊமைச் சுரம் என்று நாம் சொல்லலாம். அந்த ஒரு சுரத்தைத் துரத்திக்கொண்டு போனதில்தான் மரத்துக்கும் பாஸின் ஓசைக்கும் உள்ள உறவு எனக்குப் புரிந்தது. விற்றவர் சொன்னதற்கு அது ஏறத்தாழ நேர் எதிராக இருந்தது.

வீணையும் பாஸும்

நம்மில் பலருக்கு மர வாத்தியம் என்றதும் வீணைதான் நினைவுக்கு வரும். தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில் செய்கிறார்கள். குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் கடைந்தால் அது ஏகாண்ட வீணை. அங்கே தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் மேற்பலகைக்கு இறங்குகிறது, பலகை காற்றை அசைக்கிறது, நாம் கேட்கிறோம். தந்தி தானாகக் காற்றை அசைக்கும் அளவு மிகக் குறைவு. ஆகவே வீணையில் மரம்தான் பாடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

மின்சார பாஸ் அப்படி இல்லை. அதன் உடல் குடைவில்லாத கெட்டி மரம். தந்திகளின் கீழே பிக்அப் எனப்படும் காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும் இருக்கின்றன. எஃகுத் தந்தி அசைந்தால் காந்தப் புலம் மாறும். சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம்தான் ஒலிபெருக்கிக்குப் போகிறது. பிக்அப்புக்கு மரம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன் தலைக்கு மேலே எஃகு எப்படி அசைகிறது என்பதுதான்.

அப்படியானால் மரத்துக்கு இங்கே வேலையே இல்லையா? இருக்கிறது. வேறு வகையில் இருக்கிறது. உங்கள் விடுதி அறையில் ஒரு பாஸ் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். மின் இணைப்பு எதுவும் வேண்டாம். தந்தியைத் தட்டுங்கள், மெல்லிய சத்தம் கேட்கும். இப்போது பாஸின் கொம்பை மர அலமாரியின் கதவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். அலமாரியே பாடும். அந்தச் சத்தத்துக்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது? தந்தியிலிருந்துதான். அலமாரி எவ்வளவு உரக்கப் பாடுகிறதோ, தந்தி அவ்வளவு விரைவில் ஓயும்.

பாஸ் கிட்டாரின் மரம் செய்வதும் இந்த அலமாரியின் வேலையைத்தான், சிறிய அளவில். தந்தியின் இரு முனைகளும் மரத்தில் ஊன்றியிருக்கின்றன: ஒரு முனை உடலில் உள்ள பிரிட்ஜில், மறுமுனை கழுத்தில் விரல் அழுத்தும் ஃபிரெட்டில். மரம் அசைந்து கொடுக்கும் அதிர்வெண்களில் தந்தியின் ஆற்றல் வழிந்து வெளியேறுகிறது. அசையாத அதிர்வெண்களில் தந்தியிலேயே தங்குகிறது. மரம் ஓசையைக் கூட்டுவதில்லை, கழிக்கிறது. எதைக் கழிக்கிறது, எவ்வளவு விரைவில் கழிக்கிறது என்பதுதான் ஒவ்வொரு பாஸுக்கும் உள்ள வேறுபாடு.

குற்றவாளி கழுத்துதான்

நான் முகப்பில் இருந்த வால்நட்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கவனிக்க வேண்டியது கழுத்து. சாதாரண பாஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். நான்கு தந்திகளும் சேர்ந்து சுமார் 75 முதல் 80 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையில் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. இவ்வளவையும் தாங்கும் கழுத்தோ நீளமானது, மெல்லியது. அதன் நுனியில் முடுக்கிகள் பொருத்திய கனமான தலைப்பகுதி வேறு. நீச்சல் குளத்தின் குதிபலகையைப் போல அதற்கும் இயல்பான அதிர்வெண்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று நாம் வாசிக்கும் சுரத்தோடு பொருந்திவிட்டால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, தந்தியின் ஆற்றலைக் கழுத்து குடித்துவிடும்.

மியூனிக் நகரில் ஹெல்முட் ஃப்ளைஷர், டில்மான் ஸ்விக்கர் ஆகிய இருவரும் தொண்ணூறுகளின் இறுதியில் மின்சாரக் கிட்டார்களில் இதைத் துல்லியமாக அளந்தார்கள். கழுத்தின் ஒவ்வோர் இடமும் ஒவ்வோர் அதிர்வெண்ணில் எவ்வளவு எளிதாக அசைந்து கொடுக்கிறது என்று பதிவு செய்து பார்த்தபோது, அந்த அளவு கூடும் இடத்தில் ஊமைச் சுரம் இருந்தது. ஃப்ளைஷர் பின்னர் பாஸ் கிட்டாரையும் ஆராய்ந்தார். 2014இல் ஆர்தர் பாத்தேயும் அவருடைய பிரெஞ்சு சகாக்களும், கழுத்தில் எடுத்த இத்தகைய அளவீடுகளைக் கொண்டு ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும் என்று காட்டினார்கள்.

ஜி தந்தியின் திறந்த சுரம் 98 ஹெர்ட்ஸ். ஐந்தாம் ஃபிரெட்டில் 131, ஆறில் 139, ஏழில் 147. மரக் கழுத்துள்ள பாஸ்களில் ஊமைச் சுரம் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் ஒளிந்திருக்கும். விலை குறைந்த பாஸில் மட்டும் வருவது என்று நினைத்துவிடாதீர்கள். புகழ்பெற்ற பட்டறைகளின் பாஸ்களிலும் வரும்.

சரி, இதில் மரத்தின் வகை எங்கே வருகிறது? கழுத்தின் இயல்பான அதிர்வெண்ணை முடிவு செய்பவை அதன் விறைப்பும் எடையும் வடிவமும். அதிர்வு எவ்வளவு விரைவில் வெப்பமாகி அடங்கும் என்பதை மரத்தின் உள் உராய்வு முடிவு செய்கிறது. கெட்டி மேப்பிள் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோகிராம். வெங்கே என்னும் ஆப்பிரிக்க மரம் 870. ஆல்டர் 450 அளவுதான். வகைக்கு வகை வேறுபாடு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை சராசரிகள். ஒரே மேப்பிள் மரத்தின் இரண்டு பலகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு, சில வேளைகளில் இரண்டு வகை மரங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை மிஞ்சிவிடும். ரேகை எந்தத் திசையில் ஓடுகிறது, எப்படி அறுத்தார்கள், எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பவையெல்லாம் கணக்கில் சேரும். விற்பனை அட்டையில் அச்சிடும் மரத்தின் பெயர் இவற்றில் எதையும் சொல்வதில்லை.

ஜாகோவும் மார்க்கஸ் மில்லரும்

பாஸ் வாசிப்பவர்கள் நால்வர் கூடினால் ஒரு வாதம் கட்டாயம் வரும். ஆல்டர் உடலும் ரோஸ்வுட் விரற்பலகையும் இருந்தால் ஓசை கதகதப்பாக இருக்கும். ஆஷ் உடலும் மேப்பிள் விரற்பலகையும் இருந்தால் பளிச்சென்று இருக்கும். சான்றுக்கு இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். முதலாமவர் ஜாகோ பாஸ்டோரியஸ். அவருடையது 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பாஸ். மற்றவர் மார்க்கஸ் மில்லர். அவருடையது 1977ஆம் ஆண்டு ஜாஸ் பாஸ், ஆஷ் உடலும் மேப்பிள் விரற்பலகையும் கொண்டது. நானும் இந்த வாதத்தை ஓராண்டு காலம் முழங்கியிருக்கிறேன்.

உற்றுப் பார்த்தால் கதை மாறுகிறது. ஃபெண்டர் நிறுவனம் எழுபதுகளில் ஜாஸ் பாஸின் பின் பிக்அப்பை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பிரிட்ஜை நோக்கி நகர்த்தியது. தந்தி பிரிட்ஜை நெருங்க நெருங்க அதன் அடிப்படை அதிர்வின் வீச்சு குறையும். மேலதிர்வுகளின் பங்கு கூடும். ஆகவே பிக்அப் நகர்ந்த உடனேயே ஓசை பளிச்சிடும். மரத்தை மாற்ற வேண்டியதே இல்லை. போதாததற்கு மில்லரின் பாஸில் நியூயார்க் கைவினைஞர் ரோஜர் சடௌஸ்கி ஒரு மின்முன்பெருக்கியைப் பொருத்தினார். மில்லர் கட்டை விரலால் அடித்து வாசிப்பவர். ஜாகோவோ ஃபிரெட்டே இல்லாத கழுத்தில், பின் பிக்அப்புக்கு அருகில் விரலால் மீட்டியவர். இத்தனை வேறுபாடுகளையும் விட்டுவிட்டு ஆஷ், ஆல்டர் என்று பேசுவது எனக்கு இப்போது வேடிக்கையாகத் தெரிகிறது.

ஜெர்மனியின் வார்விக் நிறுவனத்தின் 'தம்ப்' பாஸும் இப்படித்தான். அதன் உறுமலுக்குப் புபிங்கா மர உடலும் வெங்கே கழுத்துமே காரணம் என்பார்கள். அந்த பாஸின் இரண்டு பிக்அப்களும் பிரிட்ஜை ஒட்டி அமர்ந்திருப்பதை யாரும் சொல்வதில்லை.

ஆனாலும் ஒரு விலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபிரெட் உள்ள பாஸில் தந்தி உலோகத்தில் ஊன்றுகிறது. ஃபிரெட் இல்லாத பாஸில் விரலும் தந்தியும் நேராக விரற்பலகையில் அழுந்துகின்றன. அந்த 'ம்ம்வா' என்ற முனகல், தந்தி பலகையை உரசி உரசி அதிர்வதால் பிறப்பது. ஆகவே அங்கே பலகையின் கடினத்தன்மை நேரடியாகக் காதில் விழும். இதிலும் ஒரு முரண் உண்டு. தந்தி ரோஸ்வுட்டைத் தேய்க்கிறது என்று ஜாகோ தம் விரற்பலகையின் மேல் படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசினார். அவர் வாசிப்பில் 'ரோஸ்வுட்டின் கதகதப்பு' என்று நாம் மெய்மறந்து கேட்டதெல்லாம் அந்தப் பூச்சின் மேல் எழுந்த ஓசைதான்.

விலை உயர்ந்த பாஸ்களில் உண்மையான வேலை

இப்படிச் சொல்வதால், ஒரு நல்ல பழைய கார் வாங்கும் விலைக்கு விற்கும் கைவினை பாஸ்கள் எல்லாம் ஏமாற்று என்று பொருளல்ல. அங்கே மரத்தின் மேல் நடக்கும் வேலை வேறு இடத்தில் இருக்கிறது.

1969இல் கலிபோர்னியாவில் தோன்றிய அலெம்பிக் இந்த வகைக்கு முன்னோடி. ஜாக் கசடிக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் செய்து கொடுத்த பாஸும், பின்னர் ஸ்டான்லி கிளார்க் வாசித்த பாஸ்களும் ஒரு புதிய பாதையைத் திறந்தன. மேப்பிளையும் பர்ப்பிள்ஹார்ட்டையும் பட்டை பட்டையாக ஒட்டி, தலையிலிருந்து வால் வரை ஒரே நீளமாக ஓடும் கழுத்து அமைத்தார்கள். இருபுறமும் பல மரங்களை அடுக்கடுக்காக ஒட்டிய உடல். வாத்திய உலகில் இதை 'ஹிப்பி சாண்ட்விச்' என்று கேலி செய்வதுண்டு. ஒட்டுக் கழுத்தின் பயன் ஓசைக்கு முன்பே தொடங்குகிறது. ஒவ்வொரு பட்டையின் ரேகையும் வெவ்வேறு திசையில் இழுப்பதால் கழுத்து முறுக்கிக்கொள்ளாது; விறைப்பும் ஒரே சீராக இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் விடுதி அறைக்கும் குளிர்சாதன ஒத்திகை அறைக்கும் இடையே பாஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இப்போது பரவலாகிவிட்ட வறுத்த மேப்பிளும் இதே நோக்கம் கொண்டதுதான். ஆக்சிஜன் இல்லாத சூளையில் மரத்தைச் சுட்டெடுத்தால் அது ஈரத்தை எளிதில் உறிஞ்சாது.

இந்தப் பாதையின் எல்லைக்கே போனவர் நெட் ஸ்டைன்பர்கர். 1980 வாக்கில் அவர் வெளியிட்ட பாஸில் மரமே இல்லை, கரியிழையும் பிசினும்தான். தலைப்பகுதியையும் வெட்டி எறிந்துவிட்டார். விறைப்பு மிகுந்து, நுனியில் எடையும் இல்லாததால் ஊமைச் சுரத் தொல்லை ஏறத்தாழ ஒழிந்தது. எல்லாச் சுரமும் ஒரே அளவில் நின்றன. ஆச்சரியம் என்னவென்றால், பலருக்கு அது பிடிக்கவில்லை! உயிரில்லை என்றார்கள். மரம் ஆங்காங்கே திருடிக்கொள்வதைத்தான் நம் செவி 'குணம்' என்று பழகிவைத்திருக்கிறது போலும்.

கருங்காலியின் கறுப்பு

மரத்தின் பெயருக்குக் கொடுக்கும் மதிப்பு காட்டையும் தொடுகிறது. உயர்விலை பாஸ்களின் விரற்பலகைக்கு எபனியை விரும்புவார்கள். நம் மொழியில் கருங்காலி. தோட்டத் தொழிற்சங்கக் காலத்தில் நம் தாத்தாக்கள் வேலைநிறுத்தத்தை முறித்தவனைத் திட்டிய அதே சொல். வாங்குபவர்கள் கரிக்கட்டை போன்ற முழுக் கறுப்பையே கேட்டார்கள். கேமரூனில் எபனி ஆலையை நடத்தத் தொடங்கிய கிட்டார் தயாரிப்பாளர் பாப் டெய்லர், பத்து மரங்களை வெட்டினால் ஒன்றுதான் முழுக் கறுப்பாக இருந்தது, வரியோடிய மற்றவை காட்டிலேயே கைவிடப்பட்டன என்று 2012இல் வெளிப்படையாகச் சொன்னார். வரியோடிய எபனி வாத்தியத்துக்குக் குறைந்ததன்று. கண்ணுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ரோஸ்வுட்டும் நமக்கு அந்நியமில்லை. உலகத்துக் கிட்டார் விரற்பலகைகளில் பெரும்பங்கு இந்திய ரோஸ்வுட். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். 2017 ஜனவரியில் இந்த மரக் குடும்பம் முழுவதும், புபிங்காவும் சேர்ந்து, அழிநிலை உயிரின வாணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறின. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. ஸ்வாம்ப் ஆஷின் நிலை இன்னும் மோசம். ஆசியாவிலிருந்து போய் 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஆஷ் மரங்களைத் துளைத்துத் தீர்க்கிறது; வெள்ளமும் அறுவடையைத் தடுக்கிறது. 2020இல் ஃபெண்டர் தன் வழக்கமான தயாரிப்பிலிருந்து ஸ்வாம்ப் ஆஷை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. 1951இல் அந்நிறுவனத்தின் முதல் பாஸ் வெளிவந்தபோது அதன் உடல் ஆஷ் மரம்தான்.

கவ்வி

கலை இரவுக்குப் பத்து நாள் இருக்கையில், பொறியியல் புலத்தில் படித்த மூத்த மாணவர் ஒருவர் என் புலம்பலைக் கேட்டுவிட்டுப் பட்டறையிலிருந்து ஓர் இரும்புக் கவ்வியைக் கொண்டுவந்தார். "தலையில எடையை ஏத்திப் பாருடா," என்றார். தலைப்பகுதிக்கும் கவ்விக்கும் நடுவே பழைய துணியை மடித்து வைத்து இறுக்கினோம். நுனியில் எடை கூடினால் கழுத்தின் இயல்பான அதிர்வெண் இறங்கும் என்பது பாடப்புத்தகத்தில் நான் படித்ததுதான். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஏழாம் ஃபிரெட்டைத் தட்டினேன். 'டி' கணீரென்று நின்றது. ஐந்தாம் ஃபிரெட்டுக்குப் போனேன். 'பொத்'. ஊமைச் சுரம் சாகவில்லை, இரண்டு வீடு தள்ளிக் குடிபோயிருந்தது. எங்கள் பாடலில் அந்தச் சுரம் நீண்டு நிற்க வேண்டிய இடம் இல்லை என்பதால் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் இரும்புக் கவ்வியோடு மேடையேற என் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் அதே 'டி' சுரத்தைப் பக்கத்துத் தந்தியில், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் வாசித்தேன். அதிர்வெண் அதேதான், ஆனால் அந்த இடம் உடலுக்கு அருகில் இருப்பதால் கழுத்து அங்கே அவ்வளவாக அசைவதில்லை. சுரம் நின்றது. டிரம்ஸ் தம்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

பாஸ் வாங்கப் போகும் தம்பி தங்கைகள் என்னிடம் மரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒலிபெருக்கியில் செருகுவதற்கு முன் ஜி தந்தியில் முதல் ஃபிரெட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொன்றாகத் தட்டி, ஒவ்வொரு சுரமும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள் என்பேன். ஒரே வகையில் இரண்டு பாஸ்கள் இருந்தால் இரண்டையும் எண்ணச் சொல்வேன். எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இப்போது நான் வாசிப்பது ஆல்டர் உடலும் வறுத்த மேப்பிள் கழுத்தும் கொண்ட, அலங்காரமில்லாத ஒரு பாஸ். ஆறாம் ஃபிரெட்டில் சற்றே சோர்வு உண்டு; அதைத் தெரிந்தேதான் வாங்கினேன். வால்நட் முகப்பை விற்க மனம் வரவில்லை. அது வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்து, "என்ன மரம் இது?" என்கிறார்கள்.